எந்த வெயிலில் அளந்த வேகம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுத் தமிழர்களின் பொழுதுபோக்குகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், சொந்தமாகத் தோட்டா நிரப்பிக்கொள்ளும் ரைஃபிள்காரர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். தமிழ்ப் பத்திரிகையில் இந்த விஷயத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பத்தியில் ஒரு வரி உறுத்துகிறது: எந்த வெடிமருந்து குண்டுக்கு அதிக வேகம் தருகிறதோ அதுவே நல்ல மருந்து என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அதை நம்பி யாராவது கடைக்குப் போவார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

தமிழ்நாட்டு வாசகர்கள் இதை வேடிக்கையாகப் படித்தால் போதும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. நான் இருப்பது அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதானால்தான் வேண்டும். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, கழுவி, அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் (அடிபட்டதும் பொறி கொடுத்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) பதித்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்துவது. கேட்க எளிது. இதில் மருந்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும் எளிதல்ல.

எனக்கு இந்த வாசனை பழக்கமானதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பிறந்தது நீலகிரியில், அருவங்காட்டில். குன்னூருக்குப் பக்கத்தில், மலை ரயில் நின்று போகும் அந்த ஊரில் 1900-களின் தொடக்கத்திலேயே வெள்ளைக்காரன் கார்டைட் என்ற வெடிமருந்துக்குத் தொழிற்சாலை கட்டிவிட்டான். காட்டேரி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து ஓடிய ஆலை. அப்பா அதில் வேலை பார்த்தார். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வீட்டில் பேசமாட்டார், பேசவும் கூடாது. ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வார்: "மருந்துக்கும் குளிர் தெரியும், வெயில் தெரியும்." சின்ன வயதில் அது எனக்குப் புரிந்ததில்லை. ஃபீனிக்ஸ் வெயிலைப் பார்த்த பிறகு புரிந்தது.

கார்டைட் 1889-இல் ஆபெல், டூவர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. முதல் வகையில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின், 37 சதவீதம் வெடிபஞ்சு, மீதி 5 சதவீதம் வாசலின். நூடுல்ஸ் மாதிரி நீள நீளமாக வரும். அந்தக் கலவை அபார சூட்டில் எரியும், குழலை அரித்துவிடும். பிறகு நைட்ரோகிளிசரினை 30 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். லண்டனில் குளிர்காலத்தில் ஒழுங்காக வேலை செய்த பெரிய வேட்டைத் தோட்டாக்கள், இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கோடையில் கூடு பிடித்துக்கொண்டு வெளியே வர மறுத்தன. சூட்டில் அழுத்தம் ஏறிக் கூடு விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எதிரே அடிபட்ட காட்டெருமை நிற்கும்போது கூடு மாட்டிக்கொண்டால் என்ன கதி? அதனால் கைனாக் என்ற தோட்டாக் கம்பெனி வெப்ப நாடுகளுக்கென்றே மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டா போட்டது. 1911-இல் வந்த .416 ரிக்பி என்ற வேட்டைத் தோட்டாவின் கூடு அவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் இந்தக் கவலைதான் காரணம். இடம் தாராளமாக இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே வேண்டிய வேகம் கிடைக்கும். ஆக, நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர் வெயில் கற்றுக்கொடுத்த பாடம் இது. இன்றைக்கும் ஆட்கள் வேகத்தை மட்டும் பார்த்து டப்பா வாங்குகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரைஃபிள் மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ், மேலே சொன்ன வெடிபஞ்சு இனம். அது மட்டும் இருந்தால் ஒற்றை அடிப்படை மருந்து, கூடவே நைட்ரோகிளிசரின் சேர்ந்தால் இரட்டை. இரட்டையில் அதே எடைக்கு சக்தி அதிகம். மருந்துத் துகள் எரியும் வேகம் இரண்டைப் பொறுத்தது: அறைக்குள் இருக்கும் அழுத்தம், பற்றவைக்கும் முன் துகளுக்கு இருந்த வெப்பம். வெயிலில் காய்ந்த விறகு சட்டென்று பிடிப்பது போலத்தான். துகள் ஏற்கெனவே சூடாக இருந்தால் சீக்கிரம் எரிந்து, சீக்கிரம் வாயு வந்து, குண்டு குழலில் நகர இடம் கொடுப்பதற்கு முன்பே அழுத்தம் உச்சிக்குப் போய்விடும். வேகமும் கூடும். குளிரில் இதற்கு நேர்மாறு. இந்த ஏற்ற இறக்கம் எல்லா மருந்துக்கும் உண்டு. சிலவற்றில் கொஞ்சம், சிலவற்றில் ஏராளம். துகளின் வடிவம், மேல்பூச்சு, அந்தப் பூச்சு எவ்வளவு ஆழத்துக்கு ஊறியிருக்கிறது என்பதையெல்லாம் வைத்து ஆலைக்காரர்கள் இதைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

இந்தக் கலையில் பெயர் எடுத்தது ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மர்ரே ஆற்றங்கரையில் முல்வாலா என்று ஓர் ஊர். அங்கே செய்யும் மருந்தை அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் கம்பெனி 'எக்ஸ்ட்ரீம்' வரிசை என்று விற்கிறது. வார்கெட், எச்4350, எச்4831, எச்1000, ரெட்டும்போ எல்லாம் அந்த ஆலையின் பிள்ளைகள். அதே சரக்கு ஆஸ்திரேலியக் கடையில் ஏஆர்2208, ஏஆர்2209, ஏஆர்2217 என்று எண்ணில் இருக்கும். சிட்னி, மெல்பர்ன் தமிழர்களுக்கு இது உபயோகப்படலாம்: ஏஆர்2208 என்பதுதான் இங்கே வார்கெட், ஏஆர்2209 என்பதுதான் எச்4350. இன்னொரு பக்கம் ஸ்வீடனிலும் சுவிட்சர்லாந்திலும் செய்து வரும் ரீலோடர் வரிசை, பின்லாந்தின் வீட்டாவூரி. வீட்டாவூரியில் 100 வரிசை ஒற்றை அடிப்படை, 500 வரிசையில் நைட்ரோகிளிசரின் சேர்ந்திருக்கும். வேகப் பிரியர்கள் தேடுவது பெரும்பாலும் ரீலோடர் 26 மாதிரியான சரக்கு. நியாயமாகச் சொன்னால் அது அற்புதமான மருந்து. அதே அழுத்தத்துக்குள் மற்றவை தராத வேகத்தைத் தரும்.

என் 6.5 கிரீட்மூர் துப்பாக்கியில் நான் போடுவது எச்4350. ஐஸ் பெட்டியில் வைத்த தோட்டாவுக்கும், நிழலில் 110 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும் மதியம் வெளியே இருந்த தோட்டாவுக்கும் நான் பார்த்த வித்தியாசம் வினாடிக்கு முப்பது அடி அளவில்தான். முன்பு .308 துப்பாக்கியில் போட்டுக்கொண்டிருந்த ஓர் உருண்டைத் துகள் மருந்தில் அதே இடைவெளிக்கு நூறு அடி ஏறி இறங்கும். அந்த மருந்து மட்டமானது என்று அர்த்தமில்லை. அளக்கும் கருவியில் அது அழகாகப் பொழியும், ஒவ்வொரு கூட்டிலும் எடை துல்லியமாக விழும். நிறைய சுட வேண்டியவர்களுக்கு அது பெரிய வசதி. பருவம் மாறாமல் ஒரே இடத்தில் சுடுகிறவர் அதையே வைத்துக்கொள்ளலாம்.

நூறு அடி என்பது பெரிய வித்தியாசமா? அது தூரத்தைப் பொறுத்தது. இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

என்னோடு வேட்டைக்கு வருகிற கோயம்புத்தூர் அண்ணன் ஒருவர் .270 ரைஃபிள் வைத்திருக்கிறார். ரீலோடர் 26-ஐ விட்டு நகரமாட்டார். "நூறு அடி சும்மா கிடைக்குதும்மா, எதுக்கு விடணும்?" என்பார். கணக்குப் போட்டால், 300 கெஜத்தில் அந்த நூறு அடி அவருக்குத் தருவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். குண்டு அந்த அளவுக்குக் குறைவாக இறங்கும். மானின் நெஞ்சுக்கூடு அதைவிட எத்தனையோ பெரியது. அதேபோல், அவர் மருந்து குளிரில் ஐம்பது அறுபது அடி குறைந்தால் இழப்பதும் ஓர் அங்குலத்துக்குள்தான். அவர் சுடுவது 250 கெஜத்துக்குள், நவம்பர் மாதத்தில், ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்து மலைக்காட்டில். அவருக்கு வேகமும் பெரிதாக உதவவில்லை, வெப்பநிலையும் பெரிதாகக் கெடுக்கவில்லை. அவரோடு நான் சண்டை போடுவதில்லை. அவர் மருந்து அவருக்குச் சரி.

600 கெஜத்துக்குப் போனால் கதை வேறு. கிரீட்மூர் மாதிரியான தோட்டாவில், வினாடிக்கு 2,700 அடி என்று நினைத்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம், அன்றைக்கு வருவது 2,650 என்றால், குண்டு சுமார் நான்கு அங்குலம் கீழே போகும். 1,000 கெஜத்தில் ஓர் அடிக்கும் மேல். ஃபீனிக்ஸுக்கு வடக்கே பென் ஏவரி என்ற பெரிய பொதுச் சுடுதளம் இருக்கிறது, மாநில வனவிலங்குத் துறை நடத்துவது. அங்கே 1,000 கெஜத் தடமும் உண்டு. காலையில் குளிரக் குளிரச் சுட ஆரம்பித்து மதியம் வரை இருந்தால், வெயில் ஏற ஏறச் சிலருடைய குண்டு இலக்கில் மேலே ஏறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். காற்று, மூச்சு, விரல், குறி பார்க்கும் ஸ்கோப் என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். மேசை மேல் வெயிலில் திறந்து கிடக்கும் தோட்டாப் பெட்டியைத் தவிர.

வேகம் அதிகமானால் காற்று தள்ளுவது குறையும் என்று எதிர்வாதம் வரும். உண்மைதான். 1,000 கெஜத்தில் நூறு அடி கூடுதல் வேகம் சில அங்குலம் மிச்சம் பிடித்துத் தரும். ஆனால் தெரிந்த வேகத்துக்கு ஸ்கோப்பைத் திருப்பிக்கொள்ளலாம், அது எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சரி. இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறும் வேகத்துக்கு எதைத் திருப்புவது? நீண்ட தூரப் போட்டிக்காரர்கள் எச்4350-ஐயும் வார்கெட்டையும் கடை கடையாகத் தேடுவது அதனால்தான். அமெரிக்கப் படையிலும் இதே பிரச்சினை வந்தது. எம்118 நெடுந்தூரத் தோட்டா பாலைவனச் சூட்டில் தகராறு செய்ய, அதற்குப் பதிலாகச் சிறப்புப் படைகளுக்கு எம்கே 316 என்ற தோட்டாவைக் கொண்டுவந்தபோது வெப்பத்துக்கு அதிகம் அசையாத ஐஎம்ஆர் 4064 மருந்தைப் போட்டார்கள்.

இதுவரை சொன்னது குறி தவறுவது பற்றி. குறி தவறினால் போகட்டும், மான் தப்பித்தது என்று வைத்துக்கொள்வோம். எனக்கு முக்கியம் அழுத்தம்.

6.5 கிரீட்மூருக்கும் .308-க்கும் தொழில்துறை வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. .270-க்கு 65,000. இது முகத்துக்கு அரையடி தூரத்தில் நடக்கிற காரியம். இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை அருமையான பருவநிலை. எல்லாரும் அப்போதுதான் சுடுதளத்துக்குப் போய்ப் புதுக் கலவையை (எந்த மருந்து, எவ்வளவு, எந்தக் குண்டு என்ற கணக்கை) முயன்று பார்க்கிறார்கள். 65, 70 டிகிரியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய், போல்ட் (அறையைப் பின்னால் பூட்டும் தண்டு) லேசாக இறுகும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி கீழே இறங்கி, இதுதான் என் தோட்டா என்று எழுதி வைப்பார்கள். போல்ட் இறுகுவது, பிரைமர் தட்டையாவது, கூட்டின் அடியில் பளபளவென்று தடம் விழுவது ஆகிய அறிகுறிகள் தெரியும்போது அநேகமாக உச்ச அளவை ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தோட்டாவை எடுத்துக்கொண்டு ஜூலையில் கையோட்டி என்ற நரி போன்ற விலங்கைச் சுடப் போவார்கள். 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரியும் அதற்கு மேலும் அடித்தது. மூடிய காருக்குள் 140 டிகிரி சர்வ சாதாரணம். வேகம் இரண்டு மூன்று சதவீதம் ஏறும்போது அழுத்தம் அதைவிட நிறையவே ஏறும். குளிர்காலத்தில் விளிம்பில் நின்ற தோட்டா கோடையில் எங்கே நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வேகம் அதிகம் தரும் மருந்து என்று ஒருவர் சொல்லும்போது, அவர் எந்த வெயிலில் அளந்தார் என்று கேட்டுப் பாருங்கள். கோடையில் அளந்திருந்தால் அந்தக் கூடுதல் வேகத்தில் கொஞ்சம் மருந்தின் குணம், கொஞ்சம் வெயிலின் தயவு. டிசம்பரில் மோகொல்லான் மலை விளிம்பில் பனியில் உட்கார்ந்திருக்கும்போது வெயில் தந்த அந்தப் பங்கு கிடைக்காது.

சரி, அப்படியானால் எல்லாரும் ஆஸ்திரேலிய மருந்தே வாங்க வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. வெப்பத்துக்கு அசையாத மருந்து என்று டப்பாவில் அச்சடித்திருப்பதை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரே மருந்து ஒரு கூட்டில் ஆடாமல் நிற்கும், வேறு கூட்டில், வேறு எடைக் குண்டோடு, கொஞ்சம் அலையும். கூடு எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்த பிரைமர் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு. தவிர, 2020-க்குப் பிறகு வந்த தட்டுப்பாட்டில் பிடித்த மருந்தை வாங்குவது என்பதே போய், கிடைத்த மருந்தைப் பிடித்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. ஒரு பவுண்டு டப்பா ஐம்பது டாலரைத் தாண்டி நிற்கும்போது, வீட்டில் இருக்கும் சரக்கை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பதில் தப்பே இல்லை.

நான் செய்வது இதுதான். கலவையைக் கட்டுவது எப்போதும் மே, ஜூன் மாதத்தில், காலை பத்து மணிக்கு மேல். வெயில் மண்டையைப் பிளக்கும், பரவாயில்லை. நான் சுடப்போகும் மிக மோசமான சூட்டில் தோட்டா அடக்கமாக இருந்தால், மற்ற மாதங்களில் எனக்குக் கவலை இல்லை. புத்தகத்தில் இருக்கும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பிப்பேன். அப்புறம் அதே தோட்டாவில் கொஞ்சத்தை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச் சுட்டு, குளிரில் எவ்வளவு குறைகிறது என்று வேகம் அளக்கும் ரேடார் கருவியில் பார்த்துக்கொள்வேன். இப்போது கையடக்கமாகவே அந்தக் கருவி வருகிறது, முன்பு போல் முக்காலி நட்டு நிழல் தேட வேண்டியதில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாவைச் சூடான குழலுக்குள் போட்டுவிட்டுப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் சோதனை வீண். அறையின் சூடு தோட்டாவுக்கு இறங்கிவிடும். போட்ட உடனே சுட வேண்டும். போட்டிகளில் பத்து குண்டு அடித்த கையோடு ஒரு தோட்டாவை உள்ளே வைத்துக்கொண்டு காற்றுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் இதே பிரச்சினைதான். அவர்கள் குளிர்காலத்திலும் கோடைத் தோட்டாதான் சுடுகிறார்கள்.

மருந்து டப்பாவை வைக்கும் இடமும் முக்கியம். இங்கே பலர் கராஜில் அடுக்கி வைக்கிறார்கள். அரிசோனா கராஜ் கோடையில் அடுப்பங்கரை. நைட்ரோசெல்லுலோஸ் சூட்டில் மெதுவாகச் சிதையும். அதைத் தடுக்கச் சேர்த்திருக்கும் பொருள் தீர்ந்த பிறகு புளித்த அமில வாசனை வரும், செம்பழுப்புப் புகை தெரியும். அந்த டப்பா உபயோகத்துக்கு ஆகாது. வீட்டுக்குள், வெயில் படாத அலமாரியில், வாங்கிய டப்பாவிலேயே வைத்தால் பல வருஷம் தாங்கும். அப்பா ஆலையைப் பற்றிச் சொல்லாத எத்தனையோ விஷயத்தில், இவ்வளவு குளிரான மலையில் கொண்டுபோய் அதைக் கட்டியது தற்செயல் இல்லை என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார்.

எத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் எடை அளவு) போடலாம் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். பத்திரிகையில் ஓர் எண் அச்சுப்பிழையாக மாறினால் நாளைக்கு மறுப்பு போட்டுவிடலாம், சுடுகிறவர் விரலுக்கு மறுப்பு போட முடியாது. அதற்கு மருந்துக் கம்பெனிகளின் கையேடுகள் இருக்கின்றன.

இதைச் சொல்லும்போதே உங்கள் கட்டுரையில் ஒரு திருத்தமும் கேட்க வேண்டியிருக்கிறது. '4350 மருந்து' என்று வெறுமனே எழுதியிருக்கிறீர்கள். எச்4350 ஒன்று, ஐஎம்ஆர் 4350 ஒன்று, அக்யூரேட் 4350 ஒன்று. மூன்றும் வேறு வேறு மருந்துகள், வேறு வேறு அளவுகள், வெயிலுக்கு வேறு வேறு குணம். ஒன்றின் அளவைப் பார்த்து இன்னொன்றைப் போடக் கூடாது. 4831-க்கும் 4895-க்கும் இதே கதைதான். அச்சுப் பிரதியில் இனி ஒன்றும் செய்ய முடியாது. இணையதளத்தில் இருக்கும் கட்டுரையிலாவது எந்தக் கம்பெனியின் 4350 என்பதைக் கட்டுரையாளரிடம் கேட்டு இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். அவருக்கே சரியாகத் தெரியவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
அருவங்காட்டில் பிறந்த வாசகி ஒருவர்,
சாண்ட்லர், அரிசோனா.